இறுக்கத்தின் எல்லை

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிகின்றது. உடையவன் ஸ்பானரை எடுத்து, கசியும் இடத்துக்கு அணித்தான மரையாணியை மேலும் ஒரு சுற்று இறுக்குகிறான். இதில் ஒழுக்கவியலுக்கு என்ன வேலை என வினவத் தோன்றும். உண்டு என்பதே எமது துணிபு. தீய எண்ணமோ சோம்பலோ சிறிதுமின்றிக் கருத்தூன்றிச் செய்யப்படும் செயலொன்று பொருளை அழிக்கின்றது. அழித்தவனோ கடமை முடித்த நிறைவுடன் எழுகின்றான். நன்னோக்கினால் விளையும் கேடு எத்தன்மையது என்பதை ஆராய, இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

முதலிற் பொருளின் இயல்பை நோக்குவோம். மரையாணி உண்மையில் ஒரு வில் போன்றது. இறுக்குகையில் அது மயிரிழையளவு நீள்கின்றது; மீளச் சுருங்க முயலும் விசையே இரு பகுதிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றது. எல்லை கடந்தால் உருக்கு நிலையாக நீண்டு பிடிப்பை இழக்கும். அல்லது மென்மையான அலுமினியத்தில் வெட்டிய மரை உரிந்து வரும். மூடி வளையும், இடையிலுள்ள தக்கைக் காஸ்கட் பிதுங்கி வெளியேறும். கசிவை நிறுத்தும் முயற்சியே கசிவுக்கு வாயிலாகின்றது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்பானரிற் செலுத்தும் விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆணியை நீட்டுகின்றது. எஞ்சியது மரையிலும் ஆணித் தலையின் அடியிலும் உராய்வாகக் கழிகின்றது. ஆதலால் துருவேறிய ஆணி இறுகாமலே இறுகியதுபோல் தோன்றும். எண்ணெய் பட்ட ஆணி தளர்வுபோல் தோன்றி அளவுக்கு மீறி இறுகிவிடும். தான் பட்ட பாட்டைக் கொண்டு பயனை அளப்பவன் ஏமாறுவது இங்கேதான்.

கசிவின் காரணமோ பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். 1955 முதல் சென்னையில் உருவான றோயல் என்பீல்ட் புல்லட்டின் எஞ்சின் அடிப்பெட்டி, அக்காலத்துப் பிரித்தானிய எஞ்சின்கள் பலவற்றைப்போல், நிலைக்குத்தாகப் பிளந்த இரு பாதிகளால் ஆனது. பொருத்துக்கோடு எண்ணெய் தேங்கும் அடிப்பகுதியினூடே செல்கின்றது. (1969 இல் வந்த ஹொண்டா சி.பி. 750 கிடையாகப் பிளந்த பெட்டியைக் கொண்டு இத்தொல்லையைப் பெரிதும் தவிர்த்தது.) உள்ளழுத்தத்தை வெளியேற்றும் மூச்சுக்குழாய் அடைபட்டால், அவ்வழுத்தம் எண்ணெயைக் கிடைத்த இடுக்கினூடே தள்ளும். அப்போது எந்த ஆணியை இறுக்கியும் பயனில்லை. குழாயைத் துப்புரவு செய்யவேண்டும். மூடியைக் கழற்றிக் கண்ணாடித் தட்டின்மேல் பரப்பிய தேய்ப்புத்தாளில் உரைத்துச் சமன் செய்யவேண்டும். பின்னர், எதிரெதிர் ஆணிகளைச் சிறிது சிறிதாக முறைவைத்து இறுக்கவேண்டும். அரை நாள் வேலை. மேலும் ஒரு சுற்றுக்கோ அரை நிமிடம் போதும்.

நல்லெண்ணம் ஒன்றே வரையறையின்றி நல்லது என்றார் காண்ட். இறுக்கியவனை இக்கூற்று விடுவிக்குமா? விடுவிக்காது என்றே எண்ணுகிறேன். அவன் உண்மையில் நாடியது கசிவின் முடிவையன்று. கசிவைக் கண்ட தன் மனக்கலக்கத்தின் முடிவையே. காரணத்தைத் தேடுபவன் அக்கலக்கத்தோடு சிறிது நேரம் இருந்தாக வேண்டும். அதனைப் பொறுக்க இயலாதவனே ஸ்பானரை மீண்டும் எடுக்கிறான். அதற்காகக் கையைக் கட்டியிருத்தலும் நேர்மையாகாது: பின்சக்கரத்தில் எண்ணெய் சொட்டும் வண்டி ஆளைக் கொல்லக்கூடும்.

புங்குடுதீவில் வைத்துச் சிந்தித்தால் இப்பிரச்சினை மேலும் கூர்மை பெறும். உப்புக்காற்று எவ்விரும்பையும் விட்டுவைப்பதில்லை. உதிரிப்பாகம் வேலணைத் தாம்போதியையும் பண்ணைப் பாலத்தையும் கடந்தே வரவேண்டும். 1990களின் முற்பகுதியில் எரிபொருட் தடையினால், யாழ்ப்பாணக் குடாநாட்டினர் சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஒரு மரை உரிந்தால் மாற்றுக்கு வழியற்ற காலம் அது. தீவு மக்களோ அதே ஆண்டுகளிற் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். போருக்கு முந்திய மோட்டார் சைக்கிள் ஒன்று இங்கு எஞ்சியிருப்பின், அது பல கைகள் மாறியே வந்திருக்கும். உரிந்த மரையைப் பசையிட்டு மறைத்தவனுக்கு எஞ்சின் அன்று உலர்ந்தே தெரிந்திருக்கும். இழப்பு, ஆண்டுகள் கழித்து அதைத் திறப்பவனுக்கே. முகமறியாத அம்மனிதனுக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோமா என்பதே இங்கு உண்மையான வினா. ஆம் எனில், முற்றாக அழியாத பொருள் ஒவ்வொன்றையும் நாம் காவலராகவே கையாள்கிறோம், உடையவராக அன்று. வலியறிதல் அதிகாரத்தில் வண்டியச்சின் தாங்குவலியையும் எண்ணிய வள்ளுவர் இதனை மறுத்திருக்கமாட்டார்.

ஓர் இடர் எஞ்சுகின்றது. எல்லையைக் கை அறிவது, ஒருமுறையேனும் அதனைக் கடந்து ஆணி விட்டுக்கொடுப்பதை உணர்ந்த பின்னரே. அப்படியாயின் கற்பவனின் பாடத்துக்கு யாருடைய வண்டி விலையாவது? முறுக்குவிசை அளக்கும் ஸ்பானர் ஓரளவு உதவும். ஆயினும் மேற்கூறிய உராய்வு அதனையும் ஏமாற்றும். கழித்துவிடப்பட்ட எஞ்சின் பெட்டியொன்றைத் தேடியெடுத்து, மரை உரியும்வரை ஆணிகளை இறுக்கிப் பார்க்குமாறு மாணாக்கனிடம் கொடுப்பதே நாம் அறிந்தவற்றுட் குற்றம் குறைந்த வழி.