குழப்பத்துக்குத் துணை

அஜ்மானில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பின்னத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை 'புரியலை மிஸ்' என்று உடனே சொல்லாது. பென்சில் முனையைக் கடிக்கும், நோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காது. அப்போது நான் வாயைத் திறப்பதில்லை.

2020 மார்ச்சில் அமீரகப் பள்ளிகள் திரைக்கு மாறியபோது அந்தப் பென்சில் என் கண்ணிலிருந்து மறைந்தது. பிள்ளையின் குழப்பத்தைப் பார்க்க முயலும் கருவிகளும் உண்டு. மெம்பிஸ் பல்கலைக்கழகத்தின் ஆட்டோடியூட்டர் என்ற கணினி ஆசிரியர் பற்றிய ஆய்வுகளில் முகத்தையும் உட்காரும் விதத்தையும் வைத்துக் குழப்பம், சலிப்பு, எரிச்சல் என்று பிரிக்க முயன்றார்கள். அந்த ஆய்வாளர்களான சிட்னி டிமெல்லோவும் ஆர்தர் கிரேசரும் கண்டது எனக்கு நெருக்கமானது: தீர்ந்துபோகும் குழப்பம் படிப்புக்கு நல்லது.

ஆனால் குழப்பத்தைக் கண்டுபிடிப்பதும் அதில் கூட இருப்பதும் ஒன்றா? பிள்ளையின் தவிப்பு கொஞ்சம் எனக்குள்ளும் இறங்குகிறது. என் பொறுமை அங்கிருந்துதான் வருகிறது. இறைவனே குருவாக இறங்கி வந்து உயிருக்கு அறிவு விளங்கச் செய்கிறான் என்கிறது சைவ சித்தாந்தம். கருவிக்கு இறங்கிவர ஓர் இடம் இல்லை.

மருத்துவ, பாதுகாப்புத் தேவை தவிர, பள்ளிகளில் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது. சரியான முடிவு. அமீரக அரசுப் பள்ளிகளில் 2025-26 முதல் செயற்கை நுண்ணறிவே ஒரு பாடம். முகம் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் கருவி வேண்டுமா என்று அந்த வகுப்பில் பிள்ளைகளிடமே முதலில் கேட்கலாம்.