நஞ்சற்ற தேநீரும் நம் நெஞ்சமும்

காலையில் ஒரு கோப்பை நல்ல தேநீரைச் சுவைத்து மகிழ்தல் ஆசையின்பாற்படுமோ? அறவாழ்வை நாடுவோர் அதனை விலக்கல் வேண்டுமோ? இவ்வினா மிகச் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் பெருந்தியாகம் செய்யும் வாய்ப்பு ஒருவன் ஆயுளில் ஓரிரு முறையே வாய்க்கின்றது. தேநீர்க் கோப்பையோ நாள்தோறும் நம் கைக்கு வருகின்றது. மனிதனின் அறம் பெரிதும் சோதிக்கப்படுவது இத்தகைய சிறு செயல்களிலேயே ஆதலின், இதனைச் சற்று ஆராய்வோம்.

தேநீர் என்றவுடன் நம்மிற் பெரும்பாலோர் நினைப்பது, தூளைப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்ட பானத்தையே. அதனை இகழ்வது நம் கருத்தன்று. உழைத்துக் களைத்தோர்க்கு அது உற்ற துணை. நாம் ஈண்டுக் கருதுவது, இரசாயன உரமும் பூச்சி மருந்தும் இன்றி விளைந்து, முழு இலையாகவே பதஞ்செய்யப்பட்ட கருந்தேயிலையை. நீலகிரியிலும் டார்ஜிலிங்கிலும் இத்தகைய தேயிலை விளைகின்றது.

இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கையாற் பறிக்கப்பட்ட பச்சிலை, ஏறக்குறைய ஓர் இரவு முழுதும் காற்றில் வாட்டப்படுகின்றது. பின்னர் உருட்டப்படுகையில் அதன் சாறு வெளிப்பட்டு, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி, பச்சை நிறம் செம்பழுப்பாக மாறுகின்றது. இதனைப் புளிக்கவைத்தல் என்று வழங்குவர். உண்மையில் அது புளிப்பன்று. இறுதியில் வெப்பக் காற்றில் உலர்த்துவர். 4 கிலோவுக்கு மேற்பட்ட பச்சிலை 1 கிலோ தேயிலையாகச் சுருங்குகின்றது. இலையை நசுக்கிக் கிழித்து மணிகளாக்கும் பொறி 1930களில் அஸ்ஸாமில் தோன்றியது. அம்மணிகள் விரைவிற் சாயம் இறக்கும், பாலுக்கும் ஏற்றவை. முழு இலையோ தன் சாரத்தை மெல்லவே விடும். அதற்குப் பொறுமை வேண்டும்.

அதனைத் தயாரிக்கும் முறையும் எளியதே. புதிதாகப் பிடித்த நீரைக் கொதிக்கவிடுக. பீங்கான் பாத்திரத்தைச் சிறிது வெந்நீரால் அலம்பிச் சூடாக்குக. 200 மில்லிலிட்டர் நீருக்கு 2 அல்லது 2½ கிராம் இலையிட்டு, கொதித்த நீரை அதன்மேல் ஊற்றி மூடுக. மூன்று அல்லது நான்கு நிமிடங்களில் முழுவதையும் வடித்துவிடுதல் வேண்டும். இலை நீரிலேயே கிடப்பின் துவர்ப்பு மிகுந்து கைக்கும். இலையையும் நீரையும் ஒருங்கே அடுப்பிற் கொதிக்கவிடலாகாது. பால் வேண்டா, சர்க்கரையும் இன்றியே பருகிப் பாருங்கள். சுருண்டு கிடந்த இலை நீரில் விரிந்து, தான் செடியில் இருந்த வடிவத்தை மீண்டும் காட்டும். டிசம்பர், ஜனவரித் திங்களில் உறைபனிக் காலத்தே பறித்த நீலகிரி இலையாயின், அதன் நறுமணத்தை ஒருமுறை நுகர்ந்தோர் மறவார்.

இந்த நான்கு நிமிடக் காத்திருப்பில் ஒரு பாடம் உண்டு. சுவையை அறிதல் வேறு. சுவைக்கு அடிமையாதல் வேறு. மணத்தை மணமாகவும், துவர்ப்பைத் துவர்ப்பாகவும் உணர்ந்து, கோப்பை முடிந்ததும் அமைதியுடன் எழுபவன் ஆசையின் வயப்பட்டவன் அல்லன். தேநீர் ஐந்து நிமிடம் தாமதித்ததற்காக வீட்டாரைக் கடிந்துகொள்பவனோ தேநீரைப் பருகவில்லை. தேநீரே அவனைப் பருகுகின்றது. ஆகவே முதல் வினாவிற்கு விடை எளிது. மகிழ்தல் குற்றமன்று, மயங்குதலே குற்றம்.

மேலும் இவ்விலைக்கும் விழிப்பிற்கும் பழைய உறவுண்டு. தியானத்தில் கண்ணயர்ந்ததற்கு வெகுண்ட போதிதருமர், தம் இமைகளை அறுத்தெறிய, அவை வீழ்ந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாகக் கிழக்கு நாடுகளில் ஒரு கதை வழங்குகின்றது. அது வரலாறன்று; எனினும் பொருளற்றதும் அன்று. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தினின்று ஜப்பானுக்குத் தேயிலை விதைகளைக் கொணர்ந்த எய்சாய் என்னும் துறவியும், அதன் நலன்களைப் போற்றி நூலொன்று இயற்றினார். தூக்கத்தை விலக்கும் இலை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் எதன்பொருட்டு விழித்திருக்கின்றோம்?

நாம் இவ்வினாவை நாமாக எழுப்பிக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரு ஞாயிறு காலை, அன்பர் சிலர் கூடியிருந்தபோது இத்தேநீரை வழங்கி, "இதில் ஒரு துளி மருந்தும் இல்லை, உடலுக்குத் தீங்கில்லை" என்று பெருமையுடன் கூறினோம். முதியவர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் தந்தையார் மலைத்தோட்டமொன்றில் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்து அடித்தவர். "மருந்து இல்லை என்கிறீர்கள் ஐயா, மகிழ்ச்சி. குடிப்பவர் வாய்க்கு அது வந்து சேருவதற்கு முன், அடிப்பவன் மூச்சில் அல்லவா ஏறுகிறது? அவனை நினைத்தா இதை வாங்கினீர்கள்?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. நாம் நம் உடலை நினைத்தே அதனை வாங்கினோம்.

அன்று நமக்கு விளங்கிய உண்மை இதுவே. சிவப்புச் சிலந்தியையும் தேயிலைக் கொசுவையும் கொல்லத் தெளிக்கும் நஞ்சு, காற்றுத் திரும்பினால் தெளிப்பவன் முகத்திலேயே படியும். மழை பெய்தால் ஓடையிற் கலக்கும். நமது கோப்பைக்கு எஞ்சி வருவது அதன் கடைசிச் சிறு துளியே. நஞ்சைத் துறந்த தோட்டத்தால் முதலில் நலம் பெறுபவன் தொழிலாளியே. அவனை மறந்து, 'என் உடல் தூயது' என்று மகிழ்வோமாயின், அது தூய்மையன்று, நுண்ணிய தன்னலமேயாகும்.

அதனோடும் ஆராய்ச்சி முடிவதில்லை. தேயிலை போன்ற பல்லாண்டுச் செடிக்கு, இரசாயனத்தை விட்டுப் பொதுவாக மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே இயற்கை விளைபொருள் என்னும் சான்று கிடைக்கும். அச்சான்று மண்ணைப் பற்றிப் பேசுகின்றது. பறிப்பவளின் கூலியைப் பற்றியோ, அவள் வாழும் லயத்தின் ஒழுகும் கூரையைப் பற்றியோ அது யாதும் உரைப்பதில்லை. வீடும் குடிநீரும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் தோட்டங்களில் வேண்டுமென 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அவை ஏட்டளவில் நின்ற இடங்களும் உண்டு.

நெல்லைச் சீமையின் மாஞ்சோலை மலையை நினைவுகூர்வோம். அங்கிருந்த தோட்டங்களுள் ஊத்து என்பது இயற்கை முறைத் தேயிலைக்குப் பெயர் பெற்றது. அம்மலைத் தொழிலாளரின் கூலியுயர்வுக்காகவும், சிறைப்பட்டோரின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் நடைபெற்றது. காவலர் தடியடியிற் சிதறி ஓடியோருள் 17 பேர் தாமிரபரணி ஆற்றில் மாண்டனர். 2024இல் அத்தோட்டங்களில் தேயிலை வேலை நின்றது. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தோர் பலர் மலையிறங்க நேர்ந்தது. மண்ணில் நஞ்சின்மை மட்டும் அறமாகிவிடாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அங்ஙனமாயின் தேநீரைத் துறந்துவிடலாமே என்பர் சிலர். நாம் துறப்பதனால் பறிப்பவளின் கூலி உயரப் போவதில்லை. உள்ள வேலையும் போகும். வேறு சிலர், பெருந்தோட்டங்களின் முறைகேட்டிற்கு ஒரு கோப்பை பருகுபவன் என் செய்வான் என்பர். அவன் சட்டத்தை நிறைவேற்ற இயலாது, உண்மையே. ஆனால் கேட்க இயலும். இது எத்தோட்டத்து இலை? பறித்தோர்க்குக் கூலி என்ன? மருந்தில்லா நிலத்தில் களையைக் கையாற் பறிக்கும் மிகையுழைப்பிற்கு மிகையூதியம் உண்டா? இதனைப் பறித்த கை இதனைப் பருகியதுண்டா? வாங்குவோர் பலர் கேட்கத் தொடங்கின், விற்போர் விடை தேடியே ஆதல் வேண்டும். விடை கிடைக்கும் இடத்தில் விலை சிறிது கூடினும் கொடுத்தல் ஈகையன்று, கடன் தீர்த்தலே.

அம்முதியவர் அன்று தம் கோப்பையை மீண்டும் எடுத்து முழுவதும் பருகினார். "நல்ல இலை, கைபட்டுப் பறித்தது" என்றார். அவர் மகிழ்ச்சியையும் மறுக்கவில்லை, மறதியையும் மன்னிக்கவில்லை. நாமும் அவ்வழியே நிற்போமாக. நாளைக் காலை நீரை ஊற்றி மூடிக் காத்திருக்கும் அந்த நான்கு நிமிடங்களில், இலை விரிவது போல நம் நினைவும் விரிந்து, பனியில் நனைந்து மலைச்சரிவில் நிற்கும் அந்தக் கைகள்வரை செல்லுமாயின், அத்தேநீர் நம்மை உண்மையிலேயே விழிக்கச் செய்ததாகும்.