யார் செலவில் தியாகம்?

1846-ஆம் ஆண்டு. இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரை விட்டு மோர்மன் மக்கள் மேற்கே புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். லூயிசா பிராட்டுக்கு வண்டி கட்டித்தர வீட்டில் ஆண்துணை இல்லை. கணவர் அடிசன், சபையின் அழைப்பை ஏற்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தென் பசிபிக் தீவுகளுக்குப் போய்விட்டார். உடன் இருந்தவர்கள் நான்கு பெண் குழந்தைகள். என் கணவரை உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பியவர்கள், நான் எப்படிப் போய்ச்சேருவேன் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று சபைப் பெரியவர் ஒருவரிடம் அவர் கேட்டார். நீங்கள் கெட்டிக்காரர், யார் உதவியும் இல்லாமல் போய்விடுவீர்கள், மற்றவர்களுக்கும் ஒத்தாசை செய்வீர்கள் என்றே எதிர்பார்க்கிறார்கள் என்பது பதிலின் சாரம்.

லூயிசா போய்த்தான் சேர்ந்தார். சமவெளிகளைக் கடந்து 1848-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். ஆனால் அவர் கேட்டது வழிச்செலவைப் பற்றி மட்டுமா? ஒருவர் தன்னைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கிறார். அந்த ஒப்புக்கொடுத்தலின் விலையை இன்னொருவர் கட்டுகிறார். கட்டுகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. சமய ஊழியத்தின் அறத்தை எடைபோட வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த எடைக்கு இன்று முதலில் வரவேண்டியவர்கள், வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகும் முதிய தம்பதிகள்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது மோர்மன் சபையின் முழுப்பெயர். 1830-இல் தோன்றியது, தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளைஞர்களைக் கொண்டே உலகம் அதை அடையாளம் காண்கிறது. அதே பெயர்ப்பட்டையோடு பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவியும் போகிறார்கள். கணவரை ‘மூப்பர்’ என்றும் மனைவியைச் ‘சகோதரி’ என்றும் அழைப்பார்கள். குறைந்தது ஆறு மாதம், நீண்டால் 23 மாதம். கதவு தட்டிப் பிரசங்கிப்பது இவர்களுடைய முதல் வேலை அன்று. ஊழிய அலுவலகத்தின் கணக்கு, இளம் ஊழியர்கள் தங்கும் வாடகை வீடுகள், விசாத் தாள்கள், கிணறு வெட்டும் திட்டங்கள், செவிலியர் பயிற்சி, பழைய பதிவேடுகளைப் படமெடுத்துக் காப்பது, சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பங்களைப் போய்ப் பார்ப்பது என்று பல வேலைகள். சம்பளம் கிடையாது. வாடகையும் சாப்பாடும் பெரும்பாலும் தங்கள் சேமிப்பிலிருந்து.

அறுபத்தைந்து வயதுக்கு மேல் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, பெயர் சரியாக உச்சரிக்க வராத ஊரில் போய் இறங்குவது சிறிய காரியம் இல்லை. முழங்கால் வலியும் இரத்தக்கொதிப்பு மாத்திரையும் கூடவே போகின்றன. அவர்களை மதிக்காமல் இந்தக் கேள்வியை எடுத்தால் அது நேர்மையாக இருக்காது.

அடிசனின் கதையை இன்னும் சற்றுப் பார்க்க வேண்டும். அவர் 1844-இல் தஹிதிக்குத் தெற்கே உள்ள துபுவாய் தீவில் இறங்கினார். முன்பு திமிங்கிலக் கப்பல்களில் வேலை செய்தவர். தீவு மக்களோடு எளிதில் ஒட்டிக்கொண்டார். 1848-இல் திரும்பி வந்தபோது, மூன்று வயதில் விட்டுப்போன கடைக்குட்டிக்கு எட்டு வயது ஆகியிருந்தது. அடுத்த ஆண்டே மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை லூயிசா வீட்டில் தங்கவில்லை. 1850-இல் பெண்களை அழைத்துக்கொண்டு கப்பலேறி அதே துபுவாய்க்குப் போனார். தீவுப் பெண்களைக் கூட்டி ஜெபக்கூட்டம் நடத்தினார், குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார். அந்தக் காலத்து மோர்மன் சபை, மனைவி மக்களை விட்டுவிட்டுக் குடும்பத் தலைவர்களைத் தனியாகக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே இன்று கணவனும் மனைவியும் சேர்ந்து போகும் ஏற்பாட்டை லூயிசாவின் கேள்விக்குக் கிடைத்த தாமதமான பதில் என்றே கொள்ளலாம். இழப்பை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவருடைய பக்திக்காக மற்றவர் கழுதையாய்ச் சுமக்க வேண்டியதில்லை.

பதில் முழுமையானதா என்றால், இல்லை. கணவன் மனைவி சேர்ந்து போனாலும் விலை கட்டுகிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரருக்குத் தொண்ணூறு வயதுத் தாய் இருப்பது இப்போது சாதாரணம். தாயைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவில் எழுப்பினால் எழுந்து போகும் வேலை ஒரு தங்கையிடமோ மருமகளிடமோ போய்ச்சேருகிறது. அந்தத் தங்கைக்குப் பெயர்ப்பட்டை இல்லை. வழியனுப்பும் ஆராதனையில் அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்தவர்கள் சாட்சி சொல்லும்போது தாய் நலமாக இருந்ததைக் கடவுளின் ஆசீர்வாதம் என்பார்கள். அந்த ஆசீர்வாதத்தின் பாதி, ஒரு பெண்ணின் பதினெட்டு மாதத் தூக்கம். அவர் மனமுவந்து சம்மதித்திருந்தால் ஊழியம் மூன்று பேருடையது. மூவர் பெயரும் சொல்லப்பட வேண்டும். சம்மதம் கேட்கப்படாமலே சுமை ஏற்றப்பட்டிருந்தால் அது வேறொருவரின் பணப்பையைத் திறந்து காணிக்கை போட்டது போன்றது. கடவுள் கூப்பிட்டார் என்ற காரணத்தைச் சொன்னதும் எதிர்த்துப் பேச வழியில்லாமல் போகிறதே, அது இதில் இன்னும் கொடியது. முடியாது என்று சொல்ல இடம் இல்லாத இடத்தில் கிடைக்கும் சம்மதத்துக்கு மதிப்பு இல்லை.

பேரக்குழந்தைகளின் கணக்கு வேறு. பேறுகாலம் பார்க்க நியூஜெர்சிக்கும் மெல்பர்னுக்கும் பறக்கும் பாட்டிகளை அறிந்த நமக்கு, பேத்தி பிறக்கும் மாதத்தில் எதிர்த்திசையில் விமானம் ஏறும் பாட்டி கல்நெஞ்சக்காரியாகத் தோன்றலாம். அந்தத் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடன். பேரனைக் கொஞ்சுவது உரிமை, மகிழ்ச்சி, சமயத்தில் பெரிய உதவி, கடன் ஆகாது. தம் பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள் மீதமுள்ள பலத்தை முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்க விரும்பினால் அதைத் தடுக்கும் அதிகாரம் பிள்ளைகளுக்கு இல்லை. வாரம் ஒருமுறை காணொளியில் பேத்தியின் பல் முளைத்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அழைப்பு துண்டித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாட்டி அந்த விலையைத் தானே கட்டுகிறாள்.

அனுப்புகிற நிறுவனத்திடமும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். 2011-இல் சபை, வெளிநாடு செல்லும் முதிய தம்பதிகளின் வீட்டுச் செலவுக்கு மாதம் 1,400 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. டோக்கியோ போன்ற விலை உயர்ந்த நகரங்களில் அதற்கு மேல் ஆவதைச் சபை பார்த்துக்கொண்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதே சபையின் முதலீடுகளைப் பற்றி 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் ஒரு ஆணை வெளியிட்டது. 2018-இல் சுமார் 3,200 கோடி டாலராக வளர்ந்திருந்த பங்குகளை, பெயருக்கு அமைத்த நிறுவனங்களின் பின்னே மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டன.

சொந்தப் பணத்தில் போவதுதான் ஊழியத்துக்குச் சுத்தம் என்று பல தம்பதிகள் உளமாரச் சொல்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையே. விதியாக மாறும்போது அதன் பலன் வேறு விதமாகிறது. இந்தச் சபையின் உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்கிறார்கள். மணிலாவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியைக்கும் அவர் கணவருக்கும் பக்தியிலும் அனுபவத்திலும் என்ன குறை? டாலரில் ஓய்வூதியம் இல்லை என்பதுதான் குறை. கொடுக்கும் பாக்கியமும் பணம் உள்ள நாட்டாருக்கே வாய்க்கிறது. மற்ற நாட்டு முதியவர்கள் எப்போதும் வாங்குகிறவர்களாகவே நிற்கிறார்கள். இவ்வளவு செல்வம் உள்ள சபை, அந்த ஆசிரியையின் விமானச் சீட்டையும் வாடகையையும் ஏற்றுக்கொண்டு அவரை யூட்டாவுக்கே ஊழியராக அனுப்பிவைக்க வேண்டும். அதுவே நியாயம்.

இனி, போய் இறங்கும் ஊர். இலவசமாக வேலை செய்ய வரும் வெளிநாட்டுக் கை, உள்ளூரில் யாருடைய சம்பளத்தை இல்லாமல் செய்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு எழுதவும் வாகனங்களைப் பராமரிக்கவும் தெரிந்த ஆட்கள் எந்த ஊரிலும் உண்டு. இதற்கு மாறாக, பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையைக் காப்பாற்றும் பயிற்சி உள்ளது. துடைத்து, உடம்பைத் தேய்த்துத் தூண்டி, அதற்கும் அசையாவிட்டால் பையும் முகமூடியும் கொண்டு முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்றூட்டுவது. ஓய்வு பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் சபையின் அறப்பணிப் பிரிவு வழியாகப் பல நாடுகளுக்குப் போய் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர் மருத்துவச்சிகள் கற்று, பிறகு அவர்களே மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் முறை அது. தம்பதி விமானம் ஏறிப் போன பிறகும் கைத்திறன் ஊரில் தங்குகிறது. இந்த வகை ஊழியத்துக்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே ஒரு நிபந்தனை: கொடுக்கிற கைக்குப் பின்னால் ஞானஸ்நானத் தொட்டி தெரியக் கூடாது. பசியோடும் பயத்தோடும் இருப்பவரிடம் உதவியையும் நம்பிக்கையையும் ஒரே தட்டில் வைத்து நீட்டினால், அவர் எதை எடுத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. மதத்தைச் சொல்வது தவறு என்பது இதன் பொருள் ஆகாது. நம்புகிற ஒன்றை விரும்பிக் கேட்பவரிடம் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. உதவி அதற்கு முன்பணமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத லட்சியம் என்று சொல்வோர் எருசலேமைப் பார்க்கலாம். ஸ்கோபஸ் மலையில் இந்தச் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 1980-களில் ஒரு கல்வி மையம் கட்டியது. மதமாற்றம் செய்ய வருகிறார்கள் என்று யூத வைதிகர்கள் கடுமையாகப் போராடினார்கள். சமயப் பிரசாரம் செய்ய மாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பிறகே மையம் நிலைபெற்றது. அங்கேயும் முதிய தம்பதிகள் ஊழியம் செய்கிறார்கள். பார்வையாளரைச் சுற்றிக்காட்டுகிறார்கள், இசைக் கச்சேரிக்கு வருபவர்களை வரவேற்று உட்காரவைக்கிறார்கள். சபையைப் பற்றி யாராவது கேட்டால்கூட விளக்கம் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க எதை மிக மேலானது என்று நம்பினார்களோ அதைப் பற்றி மாதக்கணக்கில் வாய் திறவாமல் அந்நியருக்கு நாற்காலி காட்டுவது கடினமான நோன்பு. இந்தச் சபையின் ஊழியங்களில் அறத்துக்கு மிக அருகில் நிற்பது இதுதான் என்று தோன்றுகிறது.

முதுமையில் பணத்தை மட்டுமன்றி மரியாதையையும் செலவிட முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள வேறொரு தம்பதி சாட்சி. சபை வேறு, காலம் வேறு. லெஸ்லி நியூபிகின் 1936-இல் மனைவி ஹெலனோடு இந்தியா வந்து காஞ்சிபுரத்தில் பணியாற்றினார். பின்னர் மதுரை-இராமநாதபுரம் பேராயர், 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். ஓய்வு பெற்றதும் இருவரும் இரண்டு பெட்டியும் ஒரு முதுகுப்பையுமாகப் பேருந்து மாறி மாறித் தரைவழியே இங்கிலாந்து போனார்கள். எழுபதை ஒட்டிய வயதில் அவர் பர்மிங்ஹாமின் வின்சன் கிரீன் பகுதியில், சிறைச்சாலைக்கு எதிரே இருந்த, மூடிவிடலாமா என்று யோசிக்கப்பட்ட ஒரு சிறு சபையின் போதகரானார். தென்னிந்தியாவில் பேராயராக இருந்தவருக்குச் சொந்த நாட்டில் பல கதவுகள் திறக்கவில்லை. திறந்து தேநீர் கொடுத்தவர்களில் பலர் ஆசியக் குடியேறிகள்.

ஆகவே, போகலாம். போகவேண்டியவர்கள் கட்டாயம் போகலாம். அழைப்புக் கடிதத்துக்குச் சம்மதம் எழுதுவதற்கு முன்னால், தாயைப் பார்த்துக்கொள்ளப் போகும் தங்கையைத் தனியாக உட்காரவைத்து, நீ முடியாது என்று சொன்னால் நாங்கள் போகமாட்டோம், உன்மீது வருத்தமும் இருக்காது என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஓராண்டு கழித்துப் போனால் கடவுளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

துபுவாயில் பிரெஞ்சு ஆட்சியின் கெடுபிடி கூடியதால் அடிசனும் லூயிசாவும் 1852-இல் கலிபோர்னியாவுக்குத் திரும்பினார்கள். சில ஆண்டுகளில் சபை எல்லோரையும் யூட்டாவுக்கு அழைத்தது. லூயிசா போனார், அடிசன் கலிபோர்னியாவிலேயே தங்கிவிட்டார். அதன்பின் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வாழ்ந்தார்கள். அடிசன் 1872-இல் அனாஹைமில் இறந்தார். லூயிசா 1880-இல் யூட்டாவின் பீவர் என்ற சிற்றூரில் இறந்தார்.