விசில் யார் பக்கம்?

2002 மே 31, லாஸ் ஏஞ்சலிஸ். என்.பி.ஏ. கூடைப்பந்து மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். 3–2 என முன்னிலையில் வந்த சாக்ரமென்டோ கிங்ஸுக்கு இன்னும் ஒரு வெற்றி போதும். கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. கிங்ஸின் நெட்டை ஆட்டக்காரர்கள் விளாடி டிவாச்சும் ஸ்காட் போலார்டும் ஆளுக்கு ஆறு ஃபவுல் வாங்கி வெளியே போய் உட்கார்ந்தார்கள். ஆட்டம் முடிய சில நொடிகள் இருக்கும்போது கோபி பிரையன்ட்டின் முழங்கை மைக் பிபியின் மூக்கில் இடித்தது. கோபி மேல் விசில் வரவில்லை. லேக்கர்ஸ் 106–102. ஏழாவது ஆட்டமும் கோப்பையும் அவர்களுக்கே.

நுகர்வோர் உரிமைக்காக வாதாடிவந்த ரால்ஃப் நாடர் இந்த ஆட்டத்தைப் பற்றி லீக் ஆணையருக்கே கடிதம் எழுதினார். லாஸ் ஏஞ்சலிஸ் பெரிய ஊர், பெரிய டிவி சந்தை. தொடர் ஓர் ஆட்டம் நீண்டால் யாருக்குக் காசு என்று கணக்குப் போட ரசிகனுக்குப் பொருளாதாரப் பட்டம் வேண்டியதில்லை.

ஐந்து வருடம் கழித்து என்.பி.ஏ. நடுவர் டிம் டோனகி சிக்கினார். 13 சீசன் விசில் ஊதியவர், தான் நடுவராக நின்ற ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியிருந்தார். 15 மாதச் சிறை. 2002 ஆட்டமும் திட்டமிட்டு நீட்டப்பட்டதுதான் என்று 2008இல் வக்கீல் மூலம் சொன்னார். லீக் மறுத்தது, வேறு எந்த நடுவர் மீதும் வழக்கு வரவில்லை. டோனகி வேண்டுமென்றே தப்பாக விசில் ஊதினார் என்றுகூட அரசுத் தரப்பு நிறுவவில்லை. பந்தயப் பணம் அவருடைய நடுநிலையைக் கெடுத்தது என்பதோடு நின்றுகொண்டது.

வேண்டுமென்றே செய்தால்தான் குற்றமா என்பது பழைய வழக்கு. எண்ணமே வினை என்பது பௌத்தம். எண்ணாமல் செய்த தீங்கும் ஒட்டும் என்பது சமணம். தமிழில் சமணக் காப்பியமான ‘நீலகேசி’ புலால் விஷயத்தில் பௌத்தரோடு மல்லுக்கு நிற்பது இந்த இடத்தில்தான்: நான் கொல்லவில்லையே, தின்கிறேன், அவ்வளவுதானே என்று ஒருவன் கைகழுவ முடியுமா? ‘எல்லாம் ஸ்கிரிப்ட்’ என்று கத்தும் ரசிகன் கத்தி பிடித்தவனைத் தேடுகிறான். கறி யார் தட்டில் விழுகிறது என்பதுதான் கனமான கேள்வி.

இத்தாலியில் 2006இல் வெடித்த கால்சோபோலி என்ற கால்பந்து ஊழலில் அது வெட்டவெளிச்சமானது. யுவென்டஸ் கிளப்பின் லூசியானோ மோஜி, நடுவர்களை நியமிப்பவர்களோடு போனில் பேசிக்கொண்டே இருந்தார். எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்பதுதான் பேச்சு. ‘பெனால்டி கொடு’ என்று மைதானத்தில் யாரும் சொல்லத் தேவையில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்தால் போதும். யுவென்டஸ் இரண்டு பட்டங்களை இழந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது.

போனே இல்லாமலும் தராசு சாயும். ஸ்பானிய லீக்கில் உள்ளூர் அணி ஒரு கோலில் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் கூடுதல் நேரத்தை நீட்டுவதையும், முன்னிலையில் இருந்தால் சட்டென்று முடிப்பதையும் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். காசு கைமாறவில்லை. கேலரியின் இரைச்சல்தான்.

இன்னும் சங்கடமானது ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் இருவரின் ஆய்வு. 1991 முதல் 2004 வரையிலான என்.பி.ஏ. ஆட்டங்களை அலசி, நடுவர்கள் தம் நிறத்தவரைவிட மற்ற நிறத்து வீரர்கள் மேல் சற்றே அதிகமாக ஃபவுல் கூப்பிடுகிறார்கள் என்றார்கள். லீக் ஒத்துக்கொள்ளவில்லை. 2007இல் இது பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. அதற்குப் பிந்தைய ஆட்டங்களை மறுபடி அலசியபோது அந்தச் சாய்வைக் காணவில்லை. இதற்கென்று லீக் பயிற்சி எதுவும் கொடுத்திருக்கவில்லை. எண்ணமே இல்லாமல் நடந்தது என்றால், பேப்பரில் வந்ததும் எதை நிறுத்தினார்கள்?