பட்டறையில் எழும் புகை



பட்டறையிலே மேஸ்திரி பீடியைப் பற்றவைக்கிறார். பக்கத்திலே வேலை பழகும் பையன் இருமுகிறான். "அண்ணே, வெளியே போய்க் குடியுங்களேன்" என்று சொல்லத் துணிவானா? சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமோ என்று பயம். இருமலை அடக்கிக்கொண்டு ஸ்பானரை எடுத்து நீட்டுகிறான். "என் காசு, என் பீடி, உனக்கென்ன?" என்பார் மேஸ்திரி. பீடி உம்முடையதுதான் ஐயா. புகை போகிற நெஞ்சு யாருடையது?

கொலை செய்யாதிருப்பாயாக என்ற ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மட்டும் உரியதல்ல. பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவருக்கும் மாரடைப்பும் நுரையீரல் புற்றுநோயும் வரக்கூடும் என்று வைத்தியர்கள் ஐயமற நிரூபித்திருக்கிறார்கள். சன்னலைத் திறந்தால் போதாது, விசிறி போட்டாலும் போதாது. இவ்வளவு புகையால் தீங்கில்லை என்று ஓர் அளவே கிடையாது.

திருச்சபைக்கு இது புதுச் சங்கதியல்ல. 1642-ல் பாப்பு எட்டாம் உர்பன், ஸ்பெயின் தேசத்துச் செவில் மேற்றிராசனக் கோவில்களில் புகையிலையை விலக்கினார். வத்திக்கானில் வேலைத்தலங்களில் புகைப்பது 2002 ஜூலை முதல் சட்டப்படி தடை. பாப்பு பிரான்சிஸ் 2018 முதல் அங்கே சிகரெட் விற்பனையையும் நிறுத்திவிட்டார். அதனால் வந்த லாபமும் போயிற்று.

நம் தேசத்தில் 2008 அக்டோபர் 2 முதல் வேலைத்தலங்களில் புகைக்கலாகாது. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். முதலாளிமாரே, மானேஜர்மாரே, இங்கே சற்றுக் காதுகொடுங்கள். வாசலிலே தடைப் பலகை மாட்டுவதும், யாரிடம் முறையிடுவது என்று அதிலே பெயர் எழுதுவதும், சாம்பல் கிண்ணம் வையாதிருப்பதும் உங்கள் கடமை. முறையீடு வந்தும் சும்மாயிருந்தால் அபராதம் உங்கள் தலையிலும் விழும்.

புகைப்பவரை ஏச நான் வரவில்லை. இருபது வருஷப் பழக்கம் ஒரு பலகையைக் கண்டு ஓடிவிடுமா? இடைவேளையில் அவர் வெளியே போய் வர நேரம் கொடுங்கள். விட்டுவிட மனமிருந்தால், அரசாங்கத்தின் இலவச டெலிபோன் ஆலோசனையும் உண்டு. வீட்டிலே மனைவிமார் இதைச் சண்டையில்லாமல் சொல்லிவைத்தால் நலம்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பங்கு ஆபீஸ் மேசைமேல், வருகிறவர்களுக்கு மரியாதை என்று நெடுநாள் ஒரு சாம்பல் கிண்ணம் வைத்திருந்தேன். கணக்கு எழுதும் பிள்ளைக்கு இழுப்பு உண்டென்று தெரிந்தேதான் வைத்திருந்தேன். அவன் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. போன சனிக்கிழமை அதை எடுத்துவிட்டேன். பலகை தயாராகிறது, முறையிட வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும்.