மருந்தும் பத்தியமும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1971-இல் இரண்டு ஜீவன்களைத் தன் சின்னங்களாக வரித்துக்கொண்டது. ஒன்று, குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் லெட்பீட்டர் பாஸம். மற்றது, மஞ்சள் கொண்டை வைத்த தேன்குருவி. கௌரவம் கிடைத்ததே தவிர, இரண்டுக்கும் ஆயுள் கெட்டியாகவில்லை.

குருவிக்கு மனிதர்கள் கை கொடுத்தார்கள். 1989 முதல் ஹீல்ஸ்வில் சரணாலயத்தில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள்; தீனியும் வைக்கிறார்கள். அந்த இனம் மெல்லப் பிழைத்து வருகிறது.

பாஸத்தின் கதை வேறு. பூண்டற்றுப் போனதென்று எண்ணியிருந்த அந்தப் பிராணி 1961-இல் மறுபடி கண்ணில் பட்டது. அதற்கு வேண்டியது முதிய மரத்தின் பொந்து. அப்படிப் பொந்து விழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாகும். 2009 காட்டுத் தீயில் அதன் வனத்தில் கணிசமான பகுதி வெந்தது. எஞ்சிய காட்டை மனிதன் வெட்டாமலிருந்தால் போதும். ஆனால் அரசாங்கத்தின் இயற்கைக் காடுகளில் மரத்தொழில் நின்றது 2024 ஜனவரியில்தான்!

கொடுப்பது எளிது, எடுக்காமலிருப்பது ஏன் இத்தனை கடினம்? கைக்குழந்தைக்கு நோயென்றால் தாய் மருந்தும் ஊட்டுவாள், தானும் பத்தியம் இருப்பாள். மருந்து ஊட்டுவதை ஊர் பார்க்கும். பத்தியத்தை அவள் நாக்கு மட்டுமே அறியும். இவற்றில் எது பெரிய அன்பு என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. நாம்தான் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம்.