துளியும் ஊற்றும்

1950-இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் வேனில் இயந்திரம் பின்புறம் உள்ளது. புகைக்குழாயைச் சூழ்ந்த உறையில் சூடேறும் காற்றே குளிர்காலத்தில் உள்ளே வருகிறது. வால்வு மூடியில் கசியும் எண்ணெய் அவ்வுறையில் விழுந்து கருகினால் வண்டிக்குள் நாற்றம் எழும். எண்ணெய் வழிந்தோடும் இயல்புடையது. துளி விழுமிடம் கசிவின் பிறப்பிடமன்று. தேர்ந்த மெக்கானிக் அழுக்கைத் துடைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, புதிய ஈரம் எங்கே அரும்புகிறதென்று பொறுமையாகக் கவனிப்பார். தன் கோபத்தை ஆராயும் சாதகனுக்கும் வேறு வழியில்லை. கடுஞ்சொல் வெறும் துளிதான்.

நாற்றத்தையாவது மூக்கு அறியும். உறைக்குள் இருக்கும் குழாய் துருப்பிடித்துத் துளைபட்டால் நுழையும் கார்பன் மோனாக்சைடுக்கோ மணமே இல்லை. தலைவலியும் மயக்கமும் பயணக் களைப்பென்றே தோன்றும். அகந்தையும் அத்தகையதே, உடையவன் அறியான், உடனிருப்போர் அறிவர். வண்டியில் அவ்வாயுவை உணர்த்தும் கருவி இருத்தல் வேண்டும். அது ஒலித்தால் இயந்திரத்தை நிறுத்தி, உறங்குவோரை எழுப்பி, உடனே வெளியேற வேண்டும்.